விரைவு வேகன்கள் எல்லா நாட்டுக்கும் வாராமை ஏன்?

நமது கல்லூரியின் விழா மலருக்குக் கட்டுரை ஒன்று வேண்டுமென மலர்க் குழுவினர் எம்மைக் கேட்டபோது, எப்பொருளைப் பற்றி எழுதுவதென நாம் நெடிது ஆராய வேண்டியிருக்கவில்லை. எழுதுதற்குரிய பொருளைக் கடிதம் ஒன்று அதற்கு முன்னரே கொண்டுவந்து தந்திருந்தது. எம்முடன் ஒரே வாங்கில் அமர்ந்து கற்று, இளமையிலேயே நாடு விட்டகன்று, இப்பொழுது ஜேர்மனியில் வாழும் நண்பர் ஒருவரின் கடிதம் அது.

நாம் அரசாங்க சேவையிற் சில ஆண்டுகளை மன்னார் மாவட்டத்தின் மாந்தை மேற்குப் பிரிவிலுள்ள பெரியமடுவிற் கழித்தோம். குளமும் வயலும் காடும் சூழ்ந்த ஊர் அது. 1990 ஆம் ஆண்டில் வெளியேற்றப்பட்ட முஸ்லிம் குடும்பங்களும், போரினால் இடம்பெயர்ந்த தமிழ்க் குடும்பங்களும் 2009 க்குப் பின்னர் மாந்தை மேற்குக்கு மீண்டு, அழிந்தவற்றைத் திரும்பக் கட்டியெழுப்பின. அங்கு நள்ளிரவில் ஒரு பிள்ளைப்பேற்று நோவோ பாம்புக்கடியோ நேர்ந்தால், மன்னார் ஆஸ்பத்திரியைச் சென்றடைவது எத்துணை வருத்தந் தருவது என்பதை நாம் நேரிற் கண்டோம். கண்டதை நண்பருக்கும் ஒருமுறை எழுதினோம்.

அதனை நெஞ்சில் வைத்திருந்த நண்பர் பின்வருமாறு எழுதியிருந்தார்: “என்னிடம் பெரிய வேகன் ஒன்று உண்டு. 600 பரிவலு உடையது. பின் ஆசனங்களை மடித்துவிட்டால் ஓர் ஆளைக் கிடத்தலாம். அதனைப் பெரியமடு மக்களுக்கு அனுப்பலாமென எண்ணி விசாரித்தேன். முடியாது என்கிறார்கள். இவ்வண்டியைச் செய்தவர்கள் இதனை நம் நாட்டில் விற்பதும் இல்லையாம். நாம் இதற்குத் தகுதியற்றவர்கள் என்று நினைக்கிறார்களோ?”

கடிதத்தின் இறுதி வினாவில் மனவருத்தம் தொனிக்கின்றது. நண்பரைப் போன்று எண்ணுவோர் பலர் உளர். ஆதலின் மோட்டார் வண்டி செய்யும் நிறுவனங்கள் வலுமிக்க வேகன்களைச் சில நாடுகளுக்கு மட்டும் அளந்து கொடுப்பதும், சில நாடுகளுக்குக் கொடாமலே விடுவதும் என்ன காரணத்தால் என்பதை ஈண்டு எமக்குத் தெரிந்த அளவில் விளக்க முயல்கின்றோம்.

முதலில் வேகன் என்பது யாதெனக் கூறிவிடுதல் நன்று. ரயில் நிலையத்தில் இறங்குவோரையும் அவர்தம் மூட்டை முடிச்சுக்களையும் ஒருங்கே ஏற்றிச் சென்றமையால் அமெரிக்கர் அதனை ‘ஸ்டேசன் வேகன்’ என்றனர். பண்ணைகளிலும் தோட்டங்களிலும் பயன்பட்டமையால் ஆங்கிலேயர் ‘எஸ்டேட் கார்’ என்றனர். காரின் கூரையைப் பின்பக்கம் வரை நீட்டி, அங்கே ஒரு கதவை வைத்துவிட்டால் அது வேகனாகும். 1953 ஆம் ஆண்டில் வெளிவந்த மொறிஸ் மைனர் டிரவலர் என்னும் வண்டியை மூத்த வாசகர்கள் அறிவர். பின்பாகம் மரச்சட்டத்தால் ஆனது. முன்பாகம் நாமறிந்த மொறிஸ் மைனரே. அதன் தொடக்ககால இயந்திரம் 803 கன சென்ரிமீற்றர் கொள்ளளவும் ஏறத்தாழ 30 பரிவலுவும் உடையது. குடும்பத்தையும் நெல் மூட்டையையும் ஏற்றிக்கொண்டு அவசரமின்றிப் போவதற்கு அது போதுமாயிருந்தது.

விரைவு வேகன் என்பது இதே உடலினுள் பந்தய வண்டிக்குரிய இயந்திரத்தை வைத்தது. 1994 ஆம் ஆண்டில் அவுடி நிறுவனம் போர்ஷ நிறுவனத்தின் துணையோடு ஆர்.எஸ்.2 என்னும் வேகனைச் செய்தது. 2.2 லீற்றர் கொள்ளளவில் 315 பரிவலுவைத் தந்த அவ்வண்டி, வேகன் என்றால் மந்தமானது என்ற எண்ணத்தை மாற்றியது. எனினும் அதில் மொத்தம் ஏறத்தாழ 2,900 வண்டிகளே செய்யப்பட்டன. அதற்குச் சற்று முன்னர், 1992 இல், பீ.எம்.டபிள்யூ நிறுவனம் எம்5 என்னும் விரைவுக் காரை வேகன் வடிவிலும் செய்யத் தொடங்கியது. 1995 இல் அது நிறுத்தப்படும் வரை செய்யப்பட்டவை 891 மட்டுமே.

இவ்வெண்களை வாசகர் மனத்திற் கொள்ளல் வேண்டும். இவ்வண்டிகள் பிறந்த நாட்டிலேயே அருமையானவை. இலட்சக்கணக்கிற் செய்யப்படும் ஒரு பொருளை நமக்கு மட்டும் மறுக்கின்றார்கள் என்று எண்ணுவது பொருந்தாது.

மேலும், செல்வம் மிக்க நாடுகளுக்கும் இவை மறுக்கப்பட்டன. உலகில் மோட்டார் வண்டிகளை மிகுதியாக வாங்கும் நாடுகளில் ஒன்றான அமெரிக்காவுக்கு ஆர்.எஸ்.2 அனுப்பப்படவில்லை, மேற்கூறிய எம்5 வேகனும் அனுப்பப்படவில்லை. 2002 ஆம் ஆண்டு தோன்றிய அவுடி ஆர்.எஸ்.6 வரிசையில் சாதாரண நான்கு கதவுக் காரை மட்டும் அமெரிக்கர் வாங்க முடிந்தது. அவ்வரிசையின் வேகனை அமெரிக்காவில் விற்பதாக 2019 ஆம் ஆண்டிலேதான் அறிவித்தனர். பீ.எம்.டபிள்யூ நிறுவனம் 2022 இல் எம்3 வரிசையில் முதன்முதலாக வேகன் ஒன்றை வெளியிட்டபோது, பிரித்தானியரும் அவுஸ்திரேலியரும் யப்பானியரும் வாங்கினர். அமெரிக்கருக்கு அது விற்கப்படவில்லை. அதே நிறுவனம் 2024 இல் வெளியிட்ட எம்5 வேகனோ அமெரிக்காவுக்கும் சென்றது. ஆகவே வாங்குவோரின் பணம் மட்டும் இதனைத் தீர்மானிப்பதில்லை என்பது தெளிவு. அங்ஙனமாயின் தீர்மானிப்பன எவை?

முதலாவது, சட்டத்தின் முன் நிலைநாட்ட வேண்டிய சான்று. ஒரு வண்டியை ஒரு நாட்டில் விற்பதற்கு முன்னர், மோதலின்போது உள்ளிருப்போரைக் காக்குமா, விளக்குகள் குறித்த இடத்தில் உள்ளனவா, புகை அளவுக்குள் உள்ளதா என்றெல்லாம் அந்நாட்டின் விதிகளுக்கேற்ப நிறுவ வேண்டும். ஐரோப்பிய நாடுகளும் யப்பானும் வேறு பலவும் 1958 ஆம் ஆண்டு ஜெனீவாவிற் செய்யப்பட்ட உடன்படிக்கையின் வழிவந்த பொது விதிகளைத் தழுவுகின்றன. அமெரிக்கா தனக்கெனத் தனி விதிகளை வைத்துள்ளது. ஒரு பக்கத்திற் செல்லும் சான்று மறுபக்கத்திற் செல்லாது.

இதற்காகும் செலவைச் சிறு கணக்கு ஒன்றால் விளக்குவோம். ஒரு நாட்டின் விதிகளுக்கேற்ப ஒரு வண்டியைச் சோதித்துத் திருத்த 10 கோடி ரூபா செல்கின்றதென எடுத்துக்காட்டாகக் கொள்வோம். அங்கே 10,000 வண்டிகள் விற்குமாயின் வண்டி ஒன்றின் மேல் ஏறும் சுமை 10,000 ரூபா. எவரும் அதனை உணரார். 50 வண்டிகளே விற்குமாயின் வண்டி ஒன்றின் மேல் 20 இலட்சம் ரூபா ஏறும். வேகன் என்னும் உடலும் சிலருக்கே வேண்டும். பெருவலு இயந்திரமும் சிலருக்கே வேண்டும். இரண்டையும் ஒருசேர வேண்டுவோர் சிலருட் சிலர். அமெரிக்காவுக்கு எம்3 வேகன் செல்லாமைக்கு இதுவே விளக்கம். அதற்கு அடிப்படையான சாதாரண 3 வரிசை வேகனே அங்கு விற்கப்படவில்லை. வேகன் உடலுக்கான சோதனைச் செலவைச் சாதாரண வண்டி முன்னரே சுமந்திருந்தால், விரைவு வண்டி அதன் தோளில் ஏறிச் சென்றிருக்கும். சுமக்க எவரும் இல்லாதபோது சிறு தொகையினதான விரைவு வேகன் முழுச் செலவையும் தானே சுமக்க நேர்கின்றது.

தனியொருவர் தாமே இறக்குமதி செய்யலாமே எனின், அமெரிக்காவில் 1988 ஆம் ஆண்டுச் சட்டம் அதனையும் இறுக்கியது. அந்நாட்டு விதிகளுக்கேற்பச் செய்யப்படாத வண்டி 25 வயதை எட்டிய பின்னரே தடையின்றி உள்ளே வரலாம்.

இந்தியா இவ்விடயத்தில் ஒரு சிறு வாயிலைத் திறந்தது. 2018 ஆம் ஆண்டு அறிவித்தல் ஒன்றின்படி, ஐரோப்பாவிலோ யப்பானிலோ சான்று பெற்ற வண்டிகளை ஒரு நிறுவனம் ஆண்டுக்கு 2,500 வரை மறுசோதனையின்றிக் கொண்டுவரலாம். அவ்வாயில் வழியே ஸ்கோடா நிறுவனம் தன் விரைவு வண்டியாகிய ஒக்ரேவியா ஆர்.எஸ். என்பதை 2020 இல் 200 என்னும் எண்ணிக்கையிலும், 2025 இல் 100 என்னும் எண்ணிக்கையிலும் இந்தியாவுக்குக் கொண்டுவந்தது. ஐரோப்பாவில் அதே வண்டி வேகன் வடிவிலும் கிடைத்தது. ஆயினும் கொண்டுவரும் சில நூறு வண்டிகளும் ஐயமின்றி விற்றுத் தீர வேண்டுமென்பதால், இந்தியர் பெரிதும் விரும்பாத வேகன் வடிவத்தை விடுத்தே அனுப்பினர். எண்ணிக்கை அளந்து கொடுக்கப்படுவதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

இரண்டாவது, வரியின் அளவுகோல். அரசாங்கம் எதனை அளந்து வரி விதிக்கின்றதோ அதனைச் சிறிதாக்கியே நிறுவனங்கள் வண்டி செய்யும். யப்பானிற் சிறு கார்களுக்குத் தனிச் சலுகை உண்டு. கொள்ளளவு 660 கன சென்ரிமீற்றருக்கும், நீளம் 3.4 மீற்றருக்கும், அகலம் 1.48 மீற்றருக்கும் மேற்படலாகாது. அதனோடு நிறுவனங்கள் தாமே வகுத்துக்கொண்ட 64 பரிவலு என்னும் எல்லையும் சேர்ந்தது. இந்தியாவில் 2006 ஆம் ஆண்டு முதல் 4 மீற்றருக்குக் குறைந்த நீளமும் சிறிய இயந்திரமும் உடைய கார்களுக்கு வரி குறைந்தது. அதன் பயனாக டாட்டா நிறுவனத்தின் இன்டிகோ கார் 2008 இல் வால் வெட்டப்பட்டு வெளிவந்தது. அதே இன்டிகோவின் வேகன் வடிவம் 2004 இலேயே வந்திருந்தது. நீளமே வேகனின் உயிர். நீளத்துக்கு வரி கூடிய நாட்டில் வேகன் எங்ஙனம் தழைக்கும்?

சிங்கப்பூரின் கதை இன்னும் சுவையானது. அங்கு 1990 முதல் கார் வாங்குவோர் முன்னதாக உரிமைச் சான்று ஒன்றை ஏலத்திற் பெறல் வேண்டும். சிறு கார்களுக்குரிய வகுப்பின் எல்லை 1,600 கன சென்ரிமீற்றராக இருந்தது. காற்றை அமுக்கி இயந்திரத்தினுள் செலுத்தும் ரேர்போ என்னும் கருவி பெருகியபோது, பெருஞ் செல்வரின் கார்களும் 1,600 க்கு உட்பட்ட இயந்திரத்தோடு வந்து சிறு கார் வகுப்பிற் புகுந்தன. அரசாங்கம் விழித்துக்கொண்டு, 2014 பெப்ரவரி முதல் 130 பரிவலு என்னும் இரண்டாவது எல்லையையும் விதித்தது. உடனே நிறுவனங்கள் அவ்வெல்லைக்குச் சற்றுக் கீழே வலுக் குறைக்கப்பட்ட வண்டிகளை அச்சிறு நகர நாட்டுக்கு அனுப்பின. ஒரே கார், ஒரே பெயர்; வலு மட்டும் வேறு. வண்டியின் வலுவைச் சிங்கப்பூரில் தீர்மானித்தது பொறியியலாளரின் மேசையன்று, வரைவு செய்யும் எழுத்தரின் மேசை எனலாம்.

இனி நம் நாட்டைப் பார்ப்போம். இலங்கையில் பெற்றோல், டீசல் கார்களுக்கான உற்பத்தி வரி இயந்திரக் கொள்ளளவின்படி விதிக்கப்படுகின்றது. கன சென்ரிமீற்றர் ஒன்றுக்கு இவ்வளவு என்பது கணக்கு. கொள்ளளவு கூடக்கூட ஒன்றுக்கான வீதமும் ஏறும். நண்பரின் வண்டியை ஒத்த 4,000 கன சென்ரிமீற்றர் வண்டி, 660 கன சென்ரிமீற்றர் வண்டியிலும் ஆறு மடங்கு பெரிது. வீதமும் நான்கு மடங்கு என எடுத்துக்காட்டாகக் கொண்டால், வரி இருபத்துநான்கு மடங்காகும். அதன்மேற் பிற வரிகளும் ஏறும்.

இந்தக் கணக்கின் விளைவை நம் வீதிகளிலே காணலாம். இலங்கையில் இன்று ‘வேகன்’ என்று சொன்னால் சிறுவர்க்கும் நினைவுக்கு வருவது சுசுக்கி வேகன் ஆர் என்னும் யப்பானியச் சிறு கார். 660 என்னும் எல்லைக்குள் அடங்கியமையால் அது நடுத்தரக் குடும்பங்களின் கைக்கு எட்டியது. அதன் ரேர்போ வகை 64 பரிவலு உடையது. நமது வரி அனுமதித்த விரைவு வேகன் அதுவேயென நகைச்சுவையாகக் கூறலாம். ஆயினும் அந்நகைச்சுவையில் உண்மையும் உண்டு.

மூன்றாவது, அயலிலே நிற்கும் போட்டி. அமெரிக்காவில் 1975 ஆம் ஆண்டுச் சட்டம் கார்களின் எரிபொருட் சிக்கனத்துக்கு அளவு வகுத்தபோது, சிறு லொறி இனத்துக்கு இலேசான அளவை வைத்தது. வேகன் கார் இனத்தைச் சேர்ந்தது. உயர்ந்த உடலுடைய ஜீப் வகைகளும் குடும்ப வான்களும் லொறி இனத்திற் சேர்ந்தன. வேகனுக்குக் கடிய விதி, அதன் போட்டியாளருக்கு இலேசான விதி. சுபாரு நிறுவனம் தன் அவுட்பேக் வேகனை 2005 ஆம் ஆண்டு வரிசையில் லொறி இனத்தில் அடங்குமாறு சற்று உயர்த்திச் செய்தது. அமெரிக்கப் பெரு வேகன்களோ 1996 இல் முடிவெய்தின. மக்கள் வேகனை விரும்பாமையாற் சட்டம் மாறியதா, சட்டம் மாறியமையால் மக்கள் விருப்பம் மாறியதா என்று கேட்டால், இரண்டும் ஒன்றையொன்று தள்ளின என்பதே விடை.

நான்காவது, எரிபொருள். வலுமிக்க இயந்திரம் காற்றையும் பெற்றோலையும் மிக அமுக்கி எரிக்கின்றது. தரங் குறைந்த பெற்றோல் அவ்வமுக்கத்தைத் தாங்காது, பொறி படுமுன் தானே பற்றும். கராச்சுக்காரர் இதனை ‘எஞ்சின் தட்டுகிறது’ என்பர். அமுக்கத்தைத் தாங்கும் ஆற்றலை ஒக்ரேன் எண்ணாற் குறிப்பர். ஜேர்மனியில் 98 எண்ணும் அதற்கு மேலும் எளிதிற் கிடைக்கும். விரைவு வேகன்கள் அதனை எண்ணியே செய்யப்படுகின்றன. நம் நாட்டு நிலையங்களிற் பெரும்பாலும் விற்கப்படுபவை 92, 95 என்பன. புதிய வண்டிகளின் கணினி தட்டலை உணர்ந்து வலுவைத் தானே குறைத்துக்கொள்ளும். எனவே 600 பரிவலுவுக்கு விலை கொடுத்தவர் அதனிற் குறைந்ததையே பெறுவர். நிறுவனங்கள் இத்தகைய குறையை விரும்புவதில்லை. முறைப்பாடு வருவதிலும் விற்காது விடுதல் மேலென எண்ணும்.

எரிபொருளைப் பொறுத்தவரையில் நம்மவர் கற்ற பாடம் ஒன்றுண்டு. 1990 களில் வடபகுதிக்குப் பெற்றோல் தடைப்பட்டிருந்த காலத்தில், ஒஸ்ரின் ஏ40, மொறிஸ் மைனர் முதலிய பழைய ஆங்கிலக் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. சிறிதளவு பெற்றோலை ஊற்றி இயந்திரத்தை முடுக்கிச் சூடேறிய பின் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவர். 1950 களில் வந்த அவ்வியந்திரங்களின் அமுக்க விகிதம் 7 அளவிலே இருந்தமையால் மண்ணெண்ணெயையும் ஒருவாறு தாங்கின. அந்நாளில் 600 பரிவலு வேகன் ஒன்று யாழ்ப்பாணத்தில் நின்றிருந்தால், கோழி அடைகாக்கவே உதவியிருக்கும். எளிய இயந்திரம் இடருக்கு நண்பன் என்பதை நாம் அன்று கண்டோம்.

அதன் பின்னரும் காலம் ஒருமுறை அதே பாடத்தைச் சொல்லித் தந்தது. அந்நியச் செலாவணி குன்றியதால் 2020 மார்ச் முதல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2022 இல் எரிபொருள் நெருக்கடி முற்றியபோது, பங்கீட்டு முறையில் தொடக்கத்திற் கார் ஒன்றுக்கு வாரத்துக்கு 20 லீற்றர் வழங்கினர். தனியார் கார்களின் இறக்குமதிக்கு 2025 பெப்ரவரியிலேதான் மீண்டும் வழி பிறந்தது. ஏறத்தாழ ஐந்தாண்டுகள் மூடிக்கிடந்த கடைக்கு எந்த நிறுவனம் அரிய சரக்கை ஒதுக்கி வைக்கும்? ஆண்டொன்றுக்குச் சில ஆயிரமே செய்யப்படும் வண்டிகளை, நிலையாக வாங்கும் நாடுகளுக்கே முதலிற் பங்கிடுவர்.

ஐந்தாவது, வீதியும் பராமரிப்பும். அவுடி ஆர்.எஸ்.6 வேகனின் புதிய வகைக்கு 22 அங்குலச் சில்லுக்குரிய 285/30 அளவான ரயர் பூட்டுவதுண்டு. 285 மில்லிமீற்றர் என்பது ரயரின் அகலம். அதில் நூற்றுக்கு 30 பங்கு ரயரின் பக்கச் சுவரின் உயரம். அஃதாவது ஏறத்தாழ 86 மில்லிமீற்றர். சிறிய வேகன் ஆர் காரின் 155/65 அளவான ரயருக்கு அவ்வுயரம் ஏறத்தாழ 101 மில்லிமீற்றர். பள்ளத்தில் விழும்போது சில்லின் உலோகத்தைக் காப்பது இச்சுவரே. இரண்டு தொன்னுக்கு மேற்பட்ட நிறையுடைய வண்டிக்குச் சுவர் குறைவு. சிறிய வண்டிக்குச் சுவர் மிகுதி. மாரிகாலத்தில் பாலியாறும் பறங்கியாறும் பெருக, குளக்கட்டுகள் கசிய, கிறவல் வீதியில் நீர் தேங்கி நிற்கையில், பள்ளம் எங்கே மேடு எங்கே என்று எவர் அறிவார்? அங்ஙனம் ஒரு ரயர் வெடித்தால், அவ்வளவான ரயர் மன்னாரிலும் கிடையாது, வவுனியாவிலும் கிடையாது.

வேகம் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். நம் நாட்டில் ஊர்களுக்கு வெளியே காருக்கு விதித்த உச்ச வேகம் மணிக்கு 70 கிலோமீற்றர். அதிவேகப் பாதைகளில் 100. யப்பானிய நிறுவனங்கள் 1989 முதல் 2004 வரை 280 பரிவலுவுக்கு மேற்பட்ட காரைத் தம் நாட்டில் விற்பதில்லையென எழுதாத உடன்பாடு செய்து நடந்தன. ஜேர்மன் நிறுவனங்கள் பலவும் 250 கிலோமீற்றர் வேகத்தில் வண்டியைத் தாமே கட்டி நிறுத்தும் வழக்கத்தைக் கைக்கொண்டன. வேகத்துக்குப் பேர்போனவர்களே அதற்கு வேலி இட்டுக்கொண்டனர்.

இக்காரணங்களை ஒருங்கே நோக்கும்போது, நண்பரின் வினாவுக்கு விடை கிடைக்கின்றது. வண்டி நிறுவனங்கள் நாடுகளைத் தகுதி உடையன, தகுதி அற்றன என்று பிரிப்பதில்லை. சான்றுக்காகும் செலவு, வரி, போட்டி, எரிபொருள், வீதி ஆகிய ஐந்து வாயில்களும் ஒருசேரத் திறந்துள்ள இடத்துக்கே விரைவு வேகன் செல்லும். ஒன்று மூடியிருந்தாலும் அளந்தே செல்லும். நமக்கோ ஐந்தும் ஏறத்தாழ மூடியுள்ளன. நண்பரின் வண்டிக்கு ஆறாவது தடையும் உண்டு. அது வலப்பக்கம் செல்லும் நாட்டுக்குச் செய்யப்பட்டது. சுக்கான் இடப்பக்கம் உள்ளது. இடப்பக்கச் சுக்கானுக்கு நம் வீதிகளிற் பொதுவில் இடமில்லை. பழைய வண்டியை இறக்குவதற்கு வயதெல்லையும் உண்டு.

ஆயினும் இத்துடன் கட்டுரையை முடித்துவிட்டால், நண்பர் எழுப்பிய வினாவின் புறத்தை மட்டும் தொட்டவராவோம். அவர் உண்மையிற் கேட்டது வேகனைப் பற்றியன்று, நோயாளியைப் பற்றி.

பெரியமடுவில் நாம் இருந்த காலத்து ஓர் இரவை இன்றும் மறக்கவில்லை. மாரிகாலம். பிள்ளைப்பேற்று நோவுடன் இருந்த பெண்ணொருத்தியை உழவு இயந்திரப் பெட்டியில் வைக்கோல் பரப்பிக் கிடத்தி, மேலே படங்கு பிடித்து, தார் வீதி வரை கொண்டு சென்றார்கள். அங்கே ஒரு வான் காத்து நின்றது. நேரம் கழிந்தது தார் வீதியில் அன்று; அதற்கு முந்திய கிறவல் வீதியிலே. அக்கிறவல் வீதியில் 600 பரிவலுவும் உழவு இயந்திரத்தை முந்தியிராது. ஒருவேளை சேற்றிற் புதைந்து வழியையும் மறித்திருக்கும். தாயும் பிள்ளையும் பிழைத்தனர். ஆயினும் ஒவ்வோர் இரவும் அங்ஙனம் முடியும் என்று எவர் உறுதி கூறுவர்?

1990 என்னும் இலக்கத்தை அழைத்தால் இலவசமாக வரும் சுவசெரிய நோயாளர் வண்டிச் சேவை 2016 இல் மேல், தென் மாகாணங்களில் தொடங்கி, 2018 இல் வட மாகாணத்துக்கும் வந்தது. அது பெரும் நன்மை. எனினும் அந்த வண்டியும் வீதி உள்ள இடம் வரைக்குமே வரும்.

ஆதலின் இவ்விடயத்தில் நாம் வருந்த வேண்டியது விரைவு வேகன் வாராமைக்கன்று. நம் வரியின் அளவுகோல் இயந்திரக் கொள்ளளவு ஒன்றையே நோக்குவதற்கு வருந்தலாம். நகரத்தில் ஒருவர் மட்டும் ஏறிச் செல்லும் சிறு காருக்கு அக்கோல் இரங்குகின்றது. பத்துப் பேரையும் ஒரு நோயாளியையும் ஏற்றி, மேடு பள்ளம் கடந்து செல்லவல்ல வண்டிக்குப் பெரிய இயந்திரம் வேண்டும்; அளவுகோல் அதன் இயந்திரத்தைக் காண்கிறதேயன்றி அது செய்யும் பணியைக் காண்பதில்லை. சிங்கப்பூர் அரசாங்கம் தன் அளவுகோல் பிழைத்ததைக் கண்டு மாற்றியது. நம் நாட்டிலும் கோலை எடுத்து அளப்போர், ஒருமுறையேனும் மாரிகாலத்திற் பெரியமடு போன்ற ஊர்களுக்குச் சென்று வருதல் நன்று. நம் கல்லூரியிற் கற்றவர்கள் சுங்கத்திலும் திறைசேரியிலும் வீதி அபிவிருத்திப் பணியிலும் இருந்திருக்கின்றனர், இனியும் இருப்பர். இவ்வரிகள் அவர்களுட் சிலரின் கண்ணிற் படவேண்டுமென்பதும் இக்கட்டுரையை எழுதியதன் நோக்கங்களுள் ஒன்று.

இவற்றையெல்லாம் விளக்கி நண்பருக்கு எழுதினோம். மூன்று வாரத்திற் பதில் வந்தது. “அப்படியானால் அங்குள்ளவர்களுக்கு எது வேண்டும் என்று கேட்டு எழுதுங்கள்” என்பதே அதன் சாரம். இவ்வினாவை நாம் முன்னரே கேட்டிருக்க வேண்டும். பெரியமடுவில் நமக்குப் பழக்கமான முதியவர் ஒருவரைத் தொலைபேசியில் அழைத்துக் கேட்டோம். அவர் நெடுநேரம் சிந்திக்கவில்லை. “தம்பி, ஓட்டம் பெரிசில்லை. மழைக்கு நிக்காமல் வரவேணும். பழுதாய்ப் போனால் இஞ்ச உள்ள பொடியள் திருத்தக் கூடியதாய் இருக்கவேணும்” என்றார்.

வண்டி செய்யும் பெரு நிறுவனங்கள் பல கோடி செலவிட்டு ஒவ்வொரு நாட்டையும் ஆராய்ந்து காணும் முடிவை அம்முதியவர் இரண்டு வசனங்களிற் சொல்லிவிட்டார். நண்பர் தம் விரைவு வேகனைத் தம்மிடமே வைத்துக்கொண்டார். அதனைக் கப்பலேற்ற ஒதுக்கிய பணத்தோடு வகுப்புத் தோழர் சிலரின் பணமும் சேர்ந்து, நாட்டில் ஏற்கனவே பதிவான பழைய டீசல் வான் ஒன்றை வாங்குவதற்கான ஏற்பாடுகள் இப்பொழுது நடைபெறுகின்றன. அதன் பரிவலு எவ்வளவு என்று எவரும் இதுவரை கேட்கவில்லை.